காசனோவா (2005): படம் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரோம் இயக்கிய இந்தப் படத்தை நான் ஐந்தாறு முறை பார்த்திருக்கிறேன். அதில் மூன்று முறை, உறவினர்களையும் நண்பர்களையும் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் படம் முடிந்தவுடன் வாக்குவாதம் தொடங்கிவிடும். "வெனிஸைக் காட்டியே சமாளித்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "இப்படி மனம்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று" என்பார் பக்கத்தில் இருப்பவர். அப்படி எழுந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். பெண்களை மயக்குவதில் பேர்போன காசனோவாதான் நாயகன். படத்தில் வரும் காசனோவாவை 'அவன்' என்றும், உண்மையில் வாழ்ந்த மனிதரை 'அவர்' என்றும் எழுதுகிறேன். இருவரும் ஒருவரல்ல என்பதை அது நினைவூட்டட்டும். முடிவைப் பற்றிய கேள்வி கடைசிப் பகுதியில் இருக்கிறது. படம் பார்க்காதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடலாம்.

கதை என்ன?

1753ஆம் ஆண்டு, வெனிஸ் நகரம். காசனோவா என்ற பெயரைச் சொன்னால் கன்னியர் மடம் வரை கிசுகிசுக்கிறது. அவன் ஒழுக்கக்கேட்டை விசாரிக்கத் திருச்சபை நீதிமன்றம் துரத்துகிறது. நகரத் தலைவரான டோஜ் அவன்மீது பிரியம் கொண்டவர், ஆனாலும் எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? "யாரையாவது மணந்துகொண்டு மரியாதையாக வாழ், இல்லையேல் ஊரைவிட்டுப் போ" என்று சொல்லிவிடுகிறார். அவசரமாக விக்டோரியா என்ற பெண்ணை நிச்சயம் செய்கிறான். அவளை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஏங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞன் ஜியோவான்னி, காசனோவாவை வாள்சண்டைக்கு அழைக்கிறான். அந்த ஜியோவான்னியின் அக்கா பிரான்செஸ்கா, பெண்ணுரிமை பற்றிப் புனைபெயரில் புத்தகம் எழுதுகிறவள். காசனோவா என்ற பெயரைக் கேட்டாலே வெறுப்பவள். அவளுக்கோ ஜெனோவாவைச் சேர்ந்த பன்றிக்கொழுப்பு வியாபாரி பாப்ரிட்சியோவை முடிவு செய்திருக்கிறார்கள். காசனோவா அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். தன் பெயரைச் சொன்னால் கதவு சாத்தப்படும் என்று தெரிந்து, பாப்ரிட்சியோவாகவே நடிக்கத் தொடங்குகிறான். மீதியெல்லாம் அதிலிருந்து பிறக்கும் குழப்பங்கள்.

இது காசனோவாவின் வாழ்க்கை வரலாறா?

இல்லை. அப்படி எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் கோபப்படுகிறார்கள். ஜக்கோமோ காசனோவா 1725 ஏப்ரல் 2 அன்று வெனிஸில் பிறந்து, 1798 ஜூன் 4 அன்று பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) டுக்ஸ் கோட்டையில் ஒரு பிரபுவின் நூலகராக இறந்தவர். பிரெஞ்சு மொழியில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளின் கையெழுத்துப்படி 3,700 பக்கங்கள் அளவுக்கு நீள்கிறது. பிரான்சின் தேசிய நூலகம் அதை 2010இல் எழுபது லட்சம் யூரோவுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. வழக்குரைஞர் படிப்பு, பாதிரியார் பயிற்சி, வயலின் வாசிப்பு, சூதாட்டம், பாரிஸில் அரசு லாட்டரி, கடைசியில் வெனிஸ் அரசுக்கே ஒற்றன் வேலை என்று அவர் தொடாத தொழில் குறைவு. அந்த வாழ்க்கையிலிருந்து பெயரையும் ஊரையும் சில சம்பவச் சாயல்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கதையைப் புதிதாகவே பின்னியிருக்கிறார்கள். பிரான்செஸ்காவும் பாப்ரிட்சியோவும் அவரது வாழ்க்கையில் இல்லை.

அப்படியானால் படத்தில் வரலாறே கிடையாதா?

இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது நானும் "எல்லாம் கற்பனை" என்றுதான் ஒதுக்கினேன். பிறகு அவர் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க வியப்பு கூடியது.

ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்கள் வெளியூர்களில் சுற்றிவிட்டு அவர் வெனிஸுக்குத் திரும்பியது 1753இல்தான். முரானோ தீவில் ஒரு மடத்துக் கன்னிகாஸ்திரீயோடு அவருக்கு ஏற்பட்ட உறவும் அதே காலத்தது. நினைவுக் குறிப்புகளில் அந்தப் பெண்ணை எம். எம். என்ற எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடுகிறார். படத்தின் ஆரம்பத்தில் கன்னியர் மடம் வருவது வெறும் சிரிப்புக்காக என்று நினைத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சிறுவனை விட்டுத் தாய் பிரிந்து போகும் காட்சியும் அப்படித்தான். உண்மைத் தாய் சானெத்தா ஒரு நாடக நடிகை. குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மேடை தேடி ஊர் ஊராகப் போனவர்.

பிரான்செஸ்கா ஆண் வேடத்தில் பல்கலைக்கழகத்தில் நின்று வாதிடும் காட்சியை "இந்தக் காலத்து எண்ணத்தை அந்தக் காலத்தில் திணித்திருக்கிறார்கள்" என்று பலரும் குறை சொல்கிறார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். வெனிஸைச் சேர்ந்த எலேனா கொர்நாரோ பிஸ்கோபியா 1678இலேயே பாதுவா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். உலகிலேயே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். அவர் முதலில் கேட்டது இறையியல் பட்டம். பெண்ணுக்கு அது கூடாது என்று ஆயர் மறுத்துவிட்டதால்தான் தத்துவம். அவருக்குப் பிறகு பாதுவா பெண்களுக்குக் கதவை மூடிக்கொண்டது. 1753இல் படித்த ஒரு வெனிஸ் பெண் ஆண் வேடம் போட்டுத்தான் அந்த வாசலைத் தாண்ட வேண்டும் என்று காட்டியது, நடந்திருக்கக்கூடிய ஒரு மனத்தாங்கலின் மேல் கட்டிய கற்பனை.

உண்மையான தவறு என்றால் வெப்பக்காற்று பலூன். கதாநாயகனும் நாயகியும் அதில் ஏறி நகரத்துக்கு மேலே மிதக்கிறார்கள். பிரான்சில் மோன்கோல்பியே சகோதரர்கள் பலூனைப் பறக்கவிட்டது 1783இல், முப்பது ஆண்டுகள் கழித்து. திருச்சபை நீதிமன்றத்தின் பலமும் மிகைதான். வெனிஸ் அரசு அந்த நீதிமன்றத்தில்கூடத் தன் பிரபுக்களை உட்கார வைத்துக் கண்காணித்துவந்தது. உண்மைக் காசனோவாவைச் சிறையிட்டது, படத்தில் வருவதுபோல் ரோமிலிருந்து வந்த பிஷப் அல்ல, அரசின் சொந்த விசாரணையாளர்கள் மூவர்.

காசனோவாவாக நடிக்க ஹீத் லெட்ஜர் பொருத்தமான தேர்வா?

இந்தக் கேள்வியில்தான் கருத்துகள் எதிரெதிராக நிற்கின்றன. "தி டார்க் நைட்" படத்தில் அவர் நடித்த ஜோக்கரைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள், லெட்ஜர் அடக்கி வாசித்துவிட்டதாக உணர்கிறார்கள். வேறு சிலரோ, பெண்களை மயக்குகிறவனிடம் இருக்க வேண்டிய அபாயம் இவனிடம் இல்லை என்கிறார்கள்.

என் எண்ணம் வேறு. லெட்ஜர் இந்தக் கதாபாத்திரத்தை அழகனாக நடிக்கவில்லை, கவனிக்கிறவனாக நடித்தார். பிரான்செஸ்கா பேசும்போதெல்லாம் அவர் கண்களைப் பாருங்கள். அவள் சொல்லும் ஒரு சொல்லைக்கூட தவறவிடக் கூடாது என்பது போல முகம் முழுவதும் ஒரு நிதானம் வந்துவிடும். வேடம் கலையப் போகிறது என்ற இடத்தில் மட்டும் புருவம் ஒரு நொடி துள்ளும், உடனே அடங்கிவிடும். உண்மைக் காசனோவாவும் பேச்சிலும் கேட்பதிலும்தான் தன் வித்தையை வைத்திருந்தார். படம் வெளியானபோது லெட்ஜருக்கு வயது 26. அதே 2005இல் வெனிஸ் திரைப்பட விழாவில் இந்தப் படமும் அவர் நடித்த "புரோக்பேக் மவுன்டன்" படமும் திரையிடப்பட்டன. விழாவின் உயர்ந்த விருதான தங்கச் சிங்கத்தை வென்றது பின்னது. ஒரே விழாவில், வாய் திறந்து பேசவே முடியாத மாட்டுக்காரனாகவும் வாய் ஓயாத வெனிஸ்காரனாகவும் ஒரே மனிதர். 2008 ஜனவரியில் அவர் மறைந்த செய்தி வந்த இரவு நான் திரும்பப் பார்த்தது இந்தப் படத்தைத்தான். அவர் மகிழ்ச்சியாக இருக்கும் படம் வேண்டும் என்று தோன்றியது.

பிரான்செஸ்கா ஏன் அவனை ஏற்கிறாள்? நம்பும்படியாக இல்லையே?

என் அக்கா தமிழாசிரியை. இந்தப் படத்தை அவரோடு பார்த்தபோது நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "இது நம் மருதத் திணைதானே" என்றார். பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பும் தலைவனை வாயிலிலேயே நிறுத்தி வைத்துத் தலைவியும் தோழியும் கேள்வி கேட்கும் பாடல்கள் அவர் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு நடத்துபவை. "அந்தத் தலைவி அவனைத் திருத்த நினைக்கமாட்டாள், முதலில் அவன் சொல்வதை நம்பமாட்டாள். இவளும் அப்படித்தான்" என்றார். அதைக் கேட்டபின் எனக்கு பிரான்செஸ்காவாக வரும் சியன்னா மில்லரின் நடிப்பு வேறு மாதிரி தெரியத் தொடங்கியது.

அவள் காதலிப்பது காசனோவாவை அல்ல. தன் எழுத்தைப் படித்துவிட்டு அதைப் பற்றிப் பேச வந்த ஒருவனை. வேடம் கலைந்தபோது அவளுக்கு வரும் கோபத்துக்குக் காரணமும் அதுதான்: அவனுடைய பழைய கணக்குகள் அவளை அவ்வளவு உறுத்தவில்லை, தன்னிடம் சொன்ன பொய்தான் உறுத்துகிறது. தம்பியின் இடத்தில் ஆண் உடையில் வாளெடுத்து நிற்கும் காட்சியை மறுபடி பாருங்கள். வாள்வீச்சில் அவனுக்குச் சமமாக நிற்பவள், பேச்சிலும் சமமாக நிற்கப் போகிறாள் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். ஏற்றுக்கொள்ளும் இடம் கொஞ்சம் அவசரமாக வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஒரு உரையாடல் காட்சி இருந்திருந்தால் போதும்.

யார் யாராக நடிக்கிறார்கள் என்பதே குழம்புகிறது. இவ்வளவு ஆள்மாறாட்டம் தேவையா?

ஆள்மாறாட்டம்தான் படமே. நாடக மேடையிலும் திரையிலும் ஆள்மாறாட்டக் கதைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான வித்தையும் அல்ல. இத்தாலியில் இதற்கு ஒரு நீண்ட மரபு உண்டு: கொம்மேதியா தெல்லார்த்தே என்ற முகமூடி நாடகம். கிழட்டு வியாபாரி, தந்திரக்கார வேலையாள், பிரிந்த காதலர்கள், பீற்றிக்கொள்ளும் வீரன் என்று அதில் பாத்திரங்கள் நிலையானவை. நடிகர்கள் வசனத்தை மேடையிலேயே இட்டுக்கட்டுவார்கள். ஒமித் ஜலிலி நடிக்கும் லூப்போ, அதாவது காசனோவாவின் வேலையாள், அந்தத் தந்திரக்கார வேலையாளின் நேர் வாரிசு.

இன்னொரு பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. கார்லோ கொல்தோனியின் "லா லோகாந்தியேரா", அதாவது சத்திரக்காரியைப் பற்றிய நாடகம், வெனிஸில் முதலில் மேடையேறியதும் 1753 ஜனவரியில்தான். பெண்களையே வெறுக்கிறேன் என்று மார்தட்டும் ஒருவனைத் தன் அறிவால் மண்டியிட வைக்கும் பெண்ணின் கதை அது. கொல்தோனி இளமையில் காசனோவாவின் தாய்க்கென்றே ஒரு சிறு நாடகம் எழுதியவர். ஆணை அறிவால் வெல்லும் பெண்ணின் கதையை வெனிஸ் மேடையில் கண்டு சிரித்த ஆண்டும் படத்தின் ஆண்டும் ஒன்று.

படத்தில் யார் நடிப்பு உங்களுக்குப் பிடித்தது?

ஆலிவர் பிளாட். தயங்காமல் சொல்வேன்.

கொழுப்பு வியாபாரி பாப்ரிட்சியோ கேலிப்பொருளாகவே எழுதப்பட்ட பாத்திரம். பருத்த உடம்பு, பளபளக்கும் உடை, தன் சரக்கைப் பற்றிய பெருமை. உடல் மெலிய வைத்தியம் என்று சொல்லி அவனைப் படுக்க வைத்துவிட்டு, அவன் பெயரில் காசனோவா உலா வருகிறான். பிளாட் இடத்திலே வேறொருவர் இருந்திருந்தால் நாம் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்திருப்போம். இவரோ அந்த மனிதனுக்கு ஒரு கூச்சத்தைக் கொடுத்திருக்கிறார். பணம் இருக்கிறது, ஆனால் தன்னை யாரும் விரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தவனின் கூச்சம். பிரான்செஸ்காவின் தாய் ஆந்திரேயா அவனை முதன்முதலாக அன்போடு பார்க்கும்போது, அவன் முகத்தில் மகிழ்ச்சிக்கு முன்னால் ஒரு சந்தேகம் வருகிறது: என்னையா? அந்த ஒரு கணத்துக்காகவே படத்தை மறுபடி பார்க்கலாம். ஆந்திரேயாவாக நடித்த லீனா ஓலின் இயக்குநரின் மனைவி. இளம் ஜோடியைவிட இந்த நடுத்தர வயது ஜோடியின் காதல்தான் என் வீட்டுக் கூடத்தில் அதிகப் பெருமூச்சுகளைப் பெற்றது.

காசனோவாவைப் பிடிக்க வரும் பிஷப் புச்சியாக ஜெரமி அயன்ஸும் நன்றாக இருக்கிறார். தான் மட்டுமே புத்திசாலி என்ற நினைப்போடு எந்நேரமும் தவறான ஆளையே பிடிக்கிற அதிகாரி. ஜியோவான்னியாக சார்லி காக்ஸ், விக்டோரியாவாக நட்டாலி டோர்மர். டோர்மருக்கு இதுதான் முதல் படம்.

பெண்களை ஏமாற்றிய ஒருவரைக் கதாநாயகனாக்கிச் சிரிக்க வைப்பது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு நிறைய யோசித்தேன்.

நினைவுக் குறிப்புகளில் வரும் உறவுகளை எண்ணியவர்கள் 120க்கும் மேல் என்கிறார்கள். அவற்றில் சில, இருவரும் சமமாக நின்ற காதல்கள். ஆண் உடையில் பயணம் செய்த ஆன்ரியெத் என்ற பிரெஞ்சுப் பெண்ணை அவர் சாகும்வரை மறக்கவில்லை. ஆனால் வேறு பக்கங்களும் உண்டு. சிறுமிகள் என்றே சொல்ல வேண்டிய வயதினர் வருகிறார்கள். ரஷ்யாவில் ஒரு குடியானவச் சிறுமியை அவளது தந்தையிடமிருந்து விலைக்கு வாங்கியதை அவரே எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது என் கை நின்றுவிட்டது. அதைக் காதல் என்று எந்த மொழியிலும் அழைக்க முடியாது.

படம் அந்தப் பக்கங்களைத் தொடவே இல்லை. அதன் காசனோவாவிடம் வருபவர்கள் எல்லாரும் தாமாக விரும்பி வருகிறார்கள். இது ஒரு மறைப்பு என்று அந்த மாணவி சொன்னால், அவர் சொல்வது சரி. அதே சமயம், படம் காசனோவாவுக்குப் புகழ்மாலை சூட்டவும் இல்லை. அவனுடைய புகழைத்தான் முதலில் பறிக்கிறது. அவன் விரும்பிய பெண்ணிடம் அந்தப் பெயர் ஒரு சாபம். அவளை அடைய அவன் முதலில் விட்டொழிக்க வேண்டியது அந்தப் பெயரைத்தான். படத்தை ரசியுங்கள், ஆனால் அதைப் பார்த்துவிட்டு உண்மை மனிதரை இனியவர் என்று நினைத்துவிட வேண்டாம் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

வெனிஸ் அசல்தானா, அரங்கமா?

அசல் வெனிஸ். கால்வாய்களும் சான் மார்கோ சதுக்கமும் அங்கேயே எடுத்தவை. பக்கத்து ஊரான விசென்சாவில் பல்லாதியோ வடிவமைத்த தெயாத்ரோ ஒலிம்பிகோ அரங்கமும் படத்தில் வருகிறது. முகமூடிகளைக் கவனியுங்கள். வெள்ளை முகமூடியும் கறுப்பு மேலங்கியும் முக்கோணத் தொப்பியும் சேர்ந்த வேடத்துக்கு பவுத்தா என்று பெயர். அந்த முகமூடியின் கீழ்ப்பகுதி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம், குரலும் மாறிக் கேட்கும். பிரபுவும் பிச்சைக்காரனும் ஒரே மேசையில் உட்கார வழிசெய்த உடை அது.

இசை?

அலெக்சாந்தர் டெப்லாவின் மேற்பார்வையில் விவால்டி, ராமோ போன்ற அக்கால இசைமேதைகளின் துண்டுகளே பெரும்பாலும் ஒலிக்கின்றன. துரத்தல் காட்சிகளில் வயலின்கள் கால்களோடு சேர்ந்து ஓடுகின்றன. நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் சிறுவர்கள் பெற்றோர் துணையோடு மட்டுமே பார்க்கலாம் என்று சான்றிதழ் தந்தார்கள். திரையில் காட்டுவது குறைவு, ஆனால் பேச்சு முழுவதும் இரட்டை அர்த்தம்.

முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கு? (படம் பார்க்காதவர்கள் தாண்டிச் செல்லவும்)

தூக்குமேடை, கடைசி நொடியில் மன்னிப்போடு வரும் கார்டினல், அந்தக் கார்டினலே நாடகக்காரர் என்று தெரிவது. இவையெல்லாம் மிகையென்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. முகமூடி நாடகம் அப்படித்தான் முடியும். எனக்குப் பிடித்தது அடுத்து வருவது. காசனோவாவும் பிரான்செஸ்காவும் நாடகக் குழுவோடு ஊரைவிட்டுப் போகிறார்கள். காசனோவா என்ற பெயரை ஏற்றுக்கொண்டு வாழத் தொடங்குபவன் கூச்ச சுபாவம் கொண்ட ஜியோவான்னி. நினைவுக் குறிப்புகளில் நாம் படிக்கும் சாகசங்கள் வேறொருவனுடையவை என்கிறது படம். பெயர் ஊரில் உலவிக்கொண்டிருக்க, அதற்குரியவன் அமைதியாகக் குடும்பம் நடத்துகிறான். துணிச்சலான கற்பனை.

இவ்வளவு சொல்கிறீர்களே, பிறகு ஏன் ஓடவில்லை?

2005 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் முதலில் சில திரையரங்குகளில் மட்டும் வெளியிட்டார்கள். உலக வசூல் நான்கு கோடி டாலரைத் தொடவில்லை. காசனோவா என்ற பெயரைப் பார்த்து வந்தவர்கள் படுக்கையறையை எதிர்பார்த்தார்கள்; கிடைத்தது கதவுக்குக் கதவு ஓடும் நகைச்சுவை. அப்படிப்பட்ட நகைச்சுவையை விரும்புகிறவர்கள், பெயரைப் பார்த்துவிட்டு வரவே இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் பிபிசி தொலைக்காட்சியில் டேவிட் டென்னன்ட் நடித்த காசனோவா தொடர் வேறு வந்திருந்தது. உண்மை வாழ்க்கைக்கு நெருக்கமாகப் பார்க்க விரும்புவோர் அதைத் தேடலாம். 1976இல் இத்தாலிய இயக்குநர் பெலினி காசனோவாவைப் பற்றி எடுத்த படம் இருட்டானது, குளிர்ந்தது. அதைப் பார்த்தால் யாருக்கும் காசனோவாவாக வாழ ஆசை வராது.

படத்தில் இல்லாமல் போன எந்தச் சம்பவத்துக்காக ஏங்குகிறீர்கள்?

சிறையிலிருந்து தப்பியது. 1755 ஜூலையில் கைதான அவரை டோஜ் மாளிகையின் கூரைக்கு அடியில், ஈயத் தகடுகள் வேய்ந்த அறைகளில் அடைத்தார்கள். கிடைத்த ஓர் இரும்புத் துண்டைத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கித் தரையைக் குடைந்தார். துளை முடியும் தறுவாயில் அவரை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். இனி தானாகக் குடைய முடியாது. அடுத்த அறையில் இருந்த பால்பி என்ற பாதிரியாரிடம் அந்த இரும்பைக் கொடுத்தனுப்ப வேண்டும். ஒரு பெரிய பைபிளின் முதுகுக்குள் அதைச் செருகினார். இரண்டு முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என்ன செய்வது? பண்டிகைக்காக நண்பருக்கு மக்ரோனி சமைத்துக் கொடுக்க வேண்டும் என்று காவல்காரனிடம் ஒரு பெரிய தட்டு கேட்டார். தட்டு நிறைய மக்ரோனி, பாலாடைக்கட்டி, விளிம்பு வரை உருகிய வெண்ணெய். அந்தத் தட்டைப் பைபிளின் மேல் வைத்து, வெண்ணெய் புத்தகத்தில் சிந்திவிடாமல் பார்த்துக் கொண்டுபோ என்று அவன் கையில் கொடுத்தார். காவல்காரன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து நடந்து போனான்.